கம்ப்ரசர்: பேருந்துப் பணிமனையிலிருந்து வீட்டுக் கொட்டகைக்கு

கம்ப்ரசர் (காற்றழுத்தி) என்பது வெளிக்காற்றை உறிஞ்சி, அதன் பருமனைக் குறைத்து, அழுத்தத்தை உயர்த்தித் தரும் எந்திரம். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிப்பது, வண்டிக்கு வண்ணம் தெளிப்பது, சக்கர நட்டைக் கழற்றுவது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை மேலேற்றுவது எனத் தமிழ்நாட்டில் இதற்குப் பல வேலைகள் உண்டு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் சொந்தமாக ஒரு கம்ப்ரசரை வைத்துக்கொள்வது அண்மைக்கால வழக்கம். அதற்கு முன் இந்த எந்திரம் சுரங்கம், பேருந்துப் பணிமனை, விவசாயக் கிணறு ஆகிய இடங்களில் நெடுங்காலம் வேலை செய்தது. ஒவ்வோர் இடத்திலும் அதனிடம் கேட்கப்பட்டது வேறு. வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பல, ஓர் இடத்துக்கான எந்திரத்தை இன்னோர் இடத்தில் பூட்டுவதால் வருபவை.

வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரம் இதைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான இடம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த ஊராட்சி ஒன்றியம் இது. பாறை நிலம், ஆழ்துளைக் கிணறுகள், சாலையோரப் பட்டறைகள், ஒற்றை முனை மின் இணைப்புள்ள வீடுகள் ஆகிய எல்லாம் இங்கே அருகருகே உள்ளன.

துருத்தியும் சுரங்கமும்

காற்றை அழுத்தி வேலை வாங்கும் முதல் கருவி துருத்தி. தமிழ் இலக்கியத்தில் இதற்குப் பழைய இடம் உண்டு. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் நண்டின் பிளவுபட்ட காலுக்குக் கொல்லனின் குறடு உவமையாக வருகிறது. அந்தக் கொல்லனின் உலை, மெல்லிய தோலால் ஆன, காலால் மிதித்து ஊதும் துருத்தியை உடையது. பிரான்சிஸ் புக்கானன் 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஆற்காடு, வேலூர் வழியாக மைசூர் நாட்டுக்குச் சென்றார். 1807-ல் வெளியான அவரது பயணநூல் தென்னிந்திய இரும்பு உருக்குலைகளையும் அவற்றின் தோல் துருத்திகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஒரு தோல் காற்றை இழுக்கும்போது மற்றொன்று ஊதும். இன்றைய இரட்டை சிலிண்டர் கம்ப்ரசர் செய்வதும் இதைத்தான்.

தோலின் இடத்தை இரும்பு உருளையும் பிஸ்டனும் பிடித்தது 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். ஜான் வில்கின்சன் 1776-ல் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தைக் கொண்டு தன் இரும்பு உலைக்குக் காற்று ஊதினார். ஆனால் துருத்தியோ இந்த ஊதுலை எந்திரமோ தந்தது குறைந்த அழுத்தக் காற்றுதான். உயர் அழுத்தக் காற்று தேவைப்பட்டது பாறை துளைப்பவர்களுக்கு. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையின் அடியில் 12 கி.மீ.க்கும் அதிகமான நீளத்தில் குடையப்பட்ட ஃபிரேஜுஸ் சுரங்கப்பாதையில் (1857–1871) ஜெர்மைன் சோமெய்யே அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்களைப் பயன்படுத்தினார். நீராவிக் குழாயைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் வெப்பமும் புகையும் சேரும். காற்றுக் குழாயோ வேலையும் செய்து, உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுக் காற்றும் தந்தது.

தென்னிந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் பெரிய அளவில் இயங்கிய இடம் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வகித்த அந்தச் சுரங்கங்களுக்கு 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. அன்றைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து பெருந்தொகையாகத் தொழிலாளர்கள் அங்கே சென்றனர். கணியம்பாடியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அழுத்தக் காற்றின் ஆற்றலையும் கேட்டையும் வடஆற்காட்டார் முதலில் பார்த்தது அங்கேதான் எனலாம். காற்றுத் துளைப்பான் கிளப்பிய கல்தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது கோலார் சுரங்கத்தில்தான்.

பேருந்துப் பணிமனை

பட்டறைக்குக் கம்ப்ரசர் வந்ததற்குக் காரணம் டயர். ஜான் பாய்டு டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபின், வண்டி என்று ஒன்று ஓடினாலே காற்று தேவை என்ற நிலை வந்தது. மிதிவண்டிக்குக் கைப்பம்பு போதும். பேருந்துக்கும் லாரிக்கும் 100 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வேண்டும்; அதைக் கைப்பம்பால் அடிப்பது ஒரு ஆளின் அரைநாள் உழைப்பைத் தின்றுவிடும்.

தமிழ்நாட்டில் பேருந்துத் தொழிலை வளர்த்தவர்களே பட்டறைத் தொழிலையும் வளர்த்தார்கள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் உதிரிபாகத் தொழிற்சாலைகளாகக் கிளைத்தது. 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்தை ஓட்டிய ஜி.டி. நாயுடு, கோயம்புத்தூரில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனத்தைக் கட்டினார். 1932-ல் பைகாரா மின்சாரம் கோவைக்கு வழி திறந்தது. 1937-ல் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார்களில் ஒன்று அங்கே உருவானது. வார்ப்பாலை, கடைசல் பட்டறை, மோட்டார் மூன்றும் ஒரே ஊரில் கூடிய பிறகு கம்ப்ரசர் செய்யத் தடையாக இருந்தது துணிச்சல் ஒன்றுதான்.

அதே 1937-ல் கோவையில் பேருந்துப் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கியது எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ். அக்குடும்பத்தைச் சேர்ந்த எல்.ஜி. வரதராஜுலு 1960-ல் எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்கக் காலப் பொருள்கள் பிஸ்டன் கம்ப்ரசரும், வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் லிஃப்டும். இரண்டும் பட்டறைச் சாமான்கள். பேருந்து நடத்தியவர்களின் வீட்டிலிருந்து வந்த ஒருவர் முதலில் பட்டறைச் சாமான்களைச் செய்ய முனைந்தது தற்செயலாக இருக்க முடியாது.

காலமும் கைகொடுத்தது. இங்கர்சால்–ரேண்ட் போன்ற அயல்நாட்டு நிறுவனங்கள் 1920களிலிருந்தே இந்தியாவில் இருந்தன. 1957-ஐ ஒட்டி ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டில் செய்தே தீர வேண்டிய நிலை உருவானது. புனேயில் கிர்லோஸ்கர் நியூமேட்டிக் 1958-ல் தொடங்கியது. அட்லஸ் காப்கோ 1960-ல் இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் 1962-ல் சுந்தரம் கிளேட்டன் பேருந்துக்கும் லாரிக்குமான காற்று பிரேக் அமைப்புகளைச் செய்ய நிறுவப்பட்டது. இதன்பின் கனரக வண்டிகளே ஆளுக்கொரு சிறிய கம்ப்ரசரைத் தங்கள் எஞ்சினோடு சுமந்து ஓடின.

இக்காலப் பட்டறைக் கம்ப்ரசரின் உருவம் இன்றும் மாறவில்லை. கிடையாகப் படுத்த உருளைக் கலன், அதன்மேல் வார்ப்பிரும்புச் சிலிண்டர் தலை, பக்கத்தில் மோட்டார், இரண்டையும் இணைக்கும் பெல்ட், கம்பி வலைக்குள் சுழலும் விசிறிச் சக்கரம். மெதுவாகச் சுற்றுவதால் நீண்ட நாள் உழைக்கும். வால்வும் ரிங்கும் மாற்றினால் மீண்டும் ஓடும். தமிழகச் சாலைகளின் பஞ்சர் கடைகள், குறிப்பாகக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள், இந்த எந்திரத்தை நம்பியே நெடுஞ்சாலை ஓரங்களில் நிலைத்தன. எல்ஜி நிறுவனம் பின்னர் திருகு வகைக் கம்ப்ரசர்களுக்கும் அயல்நாட்டுச் சந்தைக்கும் விரிந்து, 2019-ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. ஆனால் பஞ்சர் கடைக்காரருக்குக் கம்ப்ரசர் என்றால் இன்றும் பெல்ட் வண்டிதான்.

கிணற்றுக்குள் போன காற்று

கணியம்பாடி போன்ற ஊர்களில் "கம்ப்ரசர்" என்றால் பலர் நினைவுக்கு வருவது டயர் அல்ல, கிணறு. வேலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். நாகநதி போன்ற ஆறுகள் மழைக்காலம் போனதும் மணலாகிவிடும். நீர், பாறையின் வெடிப்புகளில்தான் இருக்கும்.

அந்த வெடிப்பைத் தேடிப் போகவும் அழுத்தக் காற்றே உதவியது. 1967 பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் காற்றால் இயங்கும் விரைவுத் துளைப்பு எந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு மாதக்கணக்கில் தோண்டிய இடத்தில், துளையின் அடியிலேயே நின்று அடிக்கும் காற்றுச் சுத்தியல் ஒன்றிரண்டு நாளில் பாறையைத் துளைத்தது. பின்னாளில் இத்தொழிலைத் தனதாக்கிக்கொண்ட ஊர் நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு. அங்கிருந்து புறப்படும் ரிக் லாரிகள் இந்தியா முழுவதும் போர் போடுகின்றன. ஒரு ரிக்கோடு போகும் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 1,000 கன அடி அளவில் காற்றை, 300 பி.எஸ்.ஐ.க்குக் குறையாத அழுத்தத்தில் தரும். வீட்டுக் கொட்டகையில் வைக்கும் எந்திரத்தைப் போல இது நூறு மடங்கு.

துளை போட்ட பிறகு நீரை மேலேற்றவும் கம்ப்ரசர் வந்தது. கரையில் நிற்கும் கம்ப்ரசரிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் காற்று ஆழத்துக்குச் செல்லும். அங்கே நீரோடு கலந்து குமிழிகளாக மேலேறும்போது, எடை குறைந்த அந்தக் கலவை பெரிய குழாய் வழியே வெளியே வந்து விழும். கிணற்றுக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. மணல் வந்தாலும், துளை கோணலாக இருந்தாலும் கெடுவதற்கு ஒன்றும் கிடையாது. ஊற்று குறைந்த போர்களில் விட்டுவிட்டுப் பீறிடும் தண்ணீர் இம்முறையின் அடையாளம்.

இதன் குறை, மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுவது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்ததால் அந்த இழப்பு யார் கணக்கிலும் ஏறவில்லை. இன்னொரு குறை நிலத்தடியில் இருந்தது. காற்றுக் குழாயின் கணிசமான நீளம் நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் இம்முறை ஒழுங்காக வேலை செய்யும். நீர்மட்டம் இறங்க இறங்க அதே கம்ப்ரசர் அதே மின்சாரத்தைத் தின்று குறைவான நீரைத் தந்தது. நீர்மூழ்கி மோட்டார்கள் மலிவானதும் பல கம்ப்ரசர்கள் கிணற்றடியில் சும்மா நின்றன.

அப்படி நின்ற எந்திரம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கொட்டகையில் பூட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. கிணற்றுக் கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் அதனோடு சேமிப்புக் கலனோ, அழுத்தம் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சோ இருக்காது. அதன் மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. வீட்டில் இருப்பதோ ஒற்றை முனை. விவசாய இணைப்பிலிருந்தே கம்பி இழுத்துக்கொள்ளலாம் என்றால், அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே உரியது. பட்டறைக்குப் பயன்படுத்துவது விதிமீறல்.

வீட்டுக் கொட்டகைக்கான தேர்வு

கம்ப்ரசரைத் தேர்வதில் கடைக்காரர் முதலில் சொல்வது குதிரைத்திறனும் கலனின் லிட்டரும். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, வேலைக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும், நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற இரண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல.

டயருக்கு வேண்டியது அழுத்தம். இருசக்கர வண்டிக்கு 25 முதல் 35 பி.எஸ்.ஐ., காருக்கு 30 முதல் 35. காற்றின் அளவு சிறிது. ஒரு கார் டயரை முற்றிலும் வெறுமையிலிருந்து நிரப்பினாலும் ஏறத்தாழ 80 லிட்டர் வெளிக்காற்றே போதும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் 24 லிட்டர் கலனும் உள்ள சிறிய எந்திரம் இதைச் சிரமமின்றிச் செய்யும். டயருக்கு மட்டும் என்றால் அதற்குமேல் செலவழிப்பது வீண். பெட்ரோல் நிலையங்களில் இலவசமாகவே காற்று கிடைக்கிறது.

வண்ணம் தெளிப்பதில் நிலைமை தலைகீழ். தெளிப்பானுக்கு அழுத்தம் அதிகம் வேண்டாம். காற்று இடைவிடாமல் வர வேண்டும். வண்டிப் பாகங்களுக்கு வண்ணம் அடிக்கும் பெரிய தெளிப்பான் நிமிடத்துக்கு 10 கன அடி அளவில், அதாவது 280 லிட்டருக்கும் மேல் காற்றைக் குடிக்கும். பெரிய கலன் இருந்தால் சமாளிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு வேறு. 50 லிட்டர் கலனில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது வெளியேறுவது 100 லிட்டர் வெளிக்காற்று. மேற்சொன்ன தெளிப்பானுக்கு அது 20 நொடி. பிறகு மோட்டார் தருவதுதான் காற்று. கலன் என்பது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போல. ஊற்று சிறிதானால் தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? வேலூரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகள், தோலுக்கு மெருகு தெளிக்கப் பெரிய கம்ப்ரசர்களை நாள் முழுக்க ஓட்டுவதன் காரணமும் இதுவே.

நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும், ஆனால் சில நொடிகள் மட்டுமே ஓடும். இங்கே கலன் உண்மையாகவே உதவும்.

பெயர்ப்பலகையைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பலகைகளில் அச்சாகும் "சி.எஃப்.எம்." (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) சில நேரம் பிஸ்டன் நகரும் இடத்தின் பருமன் மட்டுமே. வால்வில் கசிவு, சிலிண்டரில் தங்கும் காற்று, சூடு ஆகியவற்றால் வெளியே வருவது அதைவிடக் கணிசமாகக் குறையும். கேட்க வேண்டியது, குறிப்பிட்ட அழுத்தத்தில் உண்மையாக வெளியேறும் காற்றின் அளவு. தோராயமாக ஒரு குதிரைத்திறனுக்கு 90 பி.எஸ்.ஐ.யில் 3 முதல் 4 கன அடி. இதைவிட மிக அதிகமாகச் சொல்லும் பலகையை நம்பத் தேவையில்லை. இந்தக் கணக்கின்படி, கார் முழுவதற்கும் வண்ணம் அடிக்க 3 குதிரைத்திறன் வேண்டும். ஒற்றை முனை இணைப்பில் அது கடினம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் கிராமத்தில் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று சுருள் கருகுவது இதனால்தான். வீட்டு இணைப்பில் 2 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டு, குறைந்த காற்றில் வேலை செய்யும் சிறிய தெளிப்பானைத் தேர்வது நடைமுறைக்கு ஏற்றது.

எண்ணெய் இல்லாத நேரடி மோட்டார் வகை மலிவு, எடை குறைவு. ஆனால் இரைச்சல் காதைப் பிளக்கும். நீண்ட நேரம் ஓட்டினால் தேய்மானமும் விரைவு. பெல்ட் வகை விலை கூடியது, இடத்தை அடைக்கும். ஆனால் அதை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். அக்கம்பக்கத்து வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவில் இரவில் எதை ஓட்ட முடியும் என்பதும் தேர்வில் சேர்த்துப் பார்க்க வேண்டியதே.

கலனின் அடியில் சேரும் நீர்

கம்ப்ரசரில் ஆபத்தான பகுதி சுழலும் சக்கரம் அல்ல, சும்மா படுத்திருக்கும் கலன். நம் பகுதிக் காற்றில் ஈரம் மிகுதி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சாதாரணமாக 20 கிராம் அளவு நீராவி இருக்கும். அழுத்தியபின் அதில் பெரும்பகுதி நீராகிக் கலனின் அடியில் தேங்கும். நிமிடத்துக்கு 10 கன அடி இழுக்கும் எந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் கால் லிட்டருக்கு மேல் நீர் சேரும். அடியிலுள்ள திருகைத் திறந்து நாள்தோறும் வடித்துவிடாவிட்டால், வெளியே வண்ணம் மினுங்கும் கலன் உள்ளே துருவேறி மெலியும்.

மெலிந்த தகடு கிழிந்தால் விளைவு சிறிதல்ல. 200 லிட்டர் கலனில் 8 பார் அழுத்தத்தில் அடைந்திருக்கும் ஆற்றல், ஒரு டன் எடையை ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அழுத்தக் கலன்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலைகளுக்கானதாக இருந்தது. ஓரிருவர் வேலை செய்யும் சாலையோரக் கடைக்கோ வீட்டுக் கொட்டகைக்கோ அதன்படி ஆய்வாளர் எவரும் வந்ததில்லை. இங்கே சோதிக்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரையும் கைவிட்ட எரிவாயு உருளையையும் இணைத்துக் காற்றுக் கருவி செய்வது கிராமத்துக் கைவண்ணங்களில் ஒன்று. செய்பவரின் திறமையில் குறை சொல்ல ஏதுமில்லை. பாதுகாப்பு வால்வும் அழுத்த அளவியும் தானே நிற்கும் சுவிட்சும் இல்லாத உருளைதான் கேடு. துருப்பிடித்த கலனில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்து அடைப்பதும் அப்படியே. ஓட்டை விழுந்த இடம் தெரிகிறது. அதைச் சுற்றி மெலிந்த இடம் தெரிவதில்லை. காற்றுக் குழாயை விளையாட்டாக ஒருவர் உடலில் நீட்டுவதால் குடல் கிழிந்து உயிரிழந்தவர்களும் உண்டு. சிறுவர்கள் வேலை பழகும் பட்டறைகளில் இதைச் சொல்லியே வைக்க வேண்டும்.

பழைய கம்ப்ரசர் வாங்குபவர் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், முதலில் கலனின் வடிதிருகைத் திறந்து பார்க்கலாம். தெளிந்த நீரோ எண்ணெய் கலந்த நீரோ வந்தால் அடுத்த பேச்சுக்குப் போகலாம். செம்மண் நிறத்தில் துருச் செதில்களோடு வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுவது நல்லது. ஐயம் இருந்தால், கலனைக் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை கைப்பம்பால் ஏற்றித் தகுந்தவரைக் கொண்டு சோதிக்கலாம். தண்ணீர் காற்றைப் போலச் சுருங்காது. கலன் கிழிந்தாலும் வெடிக்காது, தரை நனையும்.